பருவம் மாறும்போது நாய்க்கு வரும் அரிப்பு: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

நாய் சொறிய ஆரம்பித்ததும் பலர் ஒரே வாரத்தில் ஷாம்புவை மாற்றுகிறார்கள், உணவை மாற்றுகிறார்கள், யாரோ சொன்ன மாத்திரையையும் கொடுத்துப் பார்க்கிறார்கள். அரிப்பு கொஞ்சம் அடங்கினால் எதனால் அடங்கியது என்று தெரியாது. அடங்காவிட்டால் எதை நிறுத்துவது என்றும் தெரியாது. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அரிப்பு திரும்பி வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இதில் மருந்தைவிட வரிசை முக்கியம். முதலில் பூச்சி, அடுத்து தோலில் ஏறியிருக்கும் தொற்று, இரண்டும் ஒழிந்த பிறகுதான் ஒவ்வாமை. பூச்சியையும் தொற்றையும் சோதித்துக் கண்டுபிடிக்கலாம், சில வாரங்களில் தீர்க்கவும் முடியும். மகரந்தம், தூசி போன்ற சூழலால் வரும் ஒவ்வாமையை உறுதிசெய்ய அப்படி ஒரு தனிச் சோதனை கிடையாது. மற்றதெல்லாம் இல்லை என்று ஆன பிறகு எஞ்சுவதைத்தான் மருத்துவர் ஒவ்வாமை என்கிறார். அதனால் கீழே உள்ள படிகளைத் தாண்டிக் குதிக்காமல் போங்கள்.

1. காத்திருக்கக் கூடாத நிலைகள்

நாய் சொறிந்தாலும் நன்றாகச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருந்தால் நிதானமாகப் படிப்படியாகப் போகலாம். முகமோ கண்ணிமையோ திடீரென்று வீங்கினால், உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பினால், அதோடு வாந்தி, மூச்சுத்திணறல், தளர்ச்சி ஏதாவது சேர்ந்தால் அந்த நேரமே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். பூச்சிக்கடியாலோ மருந்தாலோ வரும் கடும் ஒவ்வாமை இப்படித்தான் தொடங்கும்.

தோலில் சீழ், துர்நாற்றம், தலையை ஒரே பக்கம் சாய்த்து வைத்திருப்பது, தள்ளாடி நடப்பது ஆகியவற்றையும் அன்றைக்கே காட்டிவிட வேண்டும். தலை சாய்வும் தள்ளாட்டமும் காதுத் தொற்று உள்ளே இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம்.

ஆறு மாதம் ஆகாத குட்டி சொறிந்தால் பருவ ஒவ்வாமை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டும். குட்டிகளுக்குப் பூச்சியும், சொறி நோயைத் தரும் நுண்ணிய உயிரான சொறிச் சிற்றுண்ணியும்தான் முதல் சந்தேகம். வீட்டில் மனிதர்களுக்கும் அரிப்போ வட்டவட்டமான சிவப்புத் தடிப்போ இருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். சொறிச் சிற்றுண்ணியும் படர்தாமரையும் நாயிடமிருந்து நமக்கு ஒட்டும்.

2. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பற்கள் மிக நெருக்கமாக உள்ள தெள்ளுச் சீப்பு, வெள்ளை டிஷ்யூ காகிதம், ஒரு டார்ச், கழுத்துக் கூம்பு, ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

கூம்பைப் புண் வந்த பிறகுதான் பலர் தேடுகிறார்கள். ஒரே இரவில் நாய் தன் தொடையைக் கடித்து ரத்தமாக்கிவிடும் என்பதால் அதை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. மாட்டினால் மூக்கு நுனி கூம்பின் விளிம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நாக்கு எட்டிவிடும்.

நாயின் இன்றைய எடையையும் குறித்து வையுங்கள். பூச்சி மருந்து, மாத்திரை எல்லாவற்றுக்கும் அளவு எடையை வைத்துத்தான். நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று, கழித்துக்கொண்டால் சரி. போன வருட எடையை நினைவிலிருந்து சொல்வதால் அளவு குறைந்துபோய், மருந்து வேலை செய்யவில்லை என்று சலித்துக்கொள்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

3. அரிப்பை எழுதி வையுங்கள்

நாளுக்கு ஒரு வரி போதும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு மதிப்பெண், எந்த இடத்தில் அரித்தது, அன்று வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது. எப்போதாவது ஒருமுறை சொறிந்துகொள்வது பூஜ்யம் அல்லது ஒன்று. தூக்கத்திலிருந்து எழுந்து சொறிந்தால் பாதிக்கு மேல் கொடுங்கள். உணவுத் தட்டை வைத்த பிறகும், விளையாடக் கூப்பிட்ட பிறகும் நிறுத்தாமல் சொறிந்தால் பத்தை நெருங்குகிறது என்று அர்த்தம்.

புதிதாக நாய் வளர்ப்பவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. பின்காலால் சொறிவதை மட்டுமே அரிப்பு என்று எண்ணுகிறார்கள். பாதத்தை நக்குவது, விரலிடுக்கைக் கடிப்பது, முகத்தைச் சோபாவில் தேய்ப்பது, பின்பக்கத்தைத் தரையில் இழுப்பது, காதை உதறுவது எல்லாமே அரிப்புக் கணக்கில் சேரும். "பாதத்தைச் சுத்தம் செய்துகொள்கிறது, பாவம்" என்பார்கள். வெள்ளை அல்லது வெளிர் முடி உள்ள நாயின் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள். விரல்களுக்கு இடையே முடி துருப்பிடித்தது போலச் செம்பழுப்பாக இருந்தால் அது வாரக்கணக்கில் நக்கியதன் எச்சில் கறை. எச்சிலில் உள்ள நிறமிதான் அப்படிக் கறையாகப் படிகிறது.

இந்த நோட்டு ஏன் தேவை? அரிப்பு பருவத்தோடு வருகிறதா, ஆண்டு முழுவதும் இருக்கிறதா என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று. நினைவை நம்பிப் பதில் சொன்னால் பாதி தவறாக இருக்கும். மேலும், ஒரு சிகிச்சை ஏழு மதிப்பெண்ணை நாலுக்குக் கொண்டுவந்திருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். எழுதி வைக்காதவர் "இன்னும் சொறியத்தானே செய்கிறது" என்று பாதியில் விட்டுவிடுவார்.

4. உடம்பு முழுவதையும் ஒருமுறை பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், மூக்கிலிருந்து வால் வரை, முடியைப் பிரித்துத் தோலைப் பாருங்கள். எந்த இடத்தில் அரிக்கிறது என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

இடுப்புக்குப் பின்னால், வால் தொடங்கும் இடத்தில், தொடையின் பின்பக்கத்தில் முடி உதிர்ந்து சின்னச் சின்னப் பொருக்குகள் இருந்தால் தெள்ளுப்பூச்சியை நினைக்க வேண்டும். பாதம், முகம், காது, அக்குள், அடிவயிறு, தொடையிடுக்கு என்று முடி குறைந்த இடங்களாகப் பார்த்துச் சிவந்திருந்தால் சூழல் ஒவ்வாமை அல்லது உணவு ஒவ்வாமையாக இருக்கலாம். இடத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. காதின் ஓரம், முழங்கை, பின்கால் மூட்டு இவற்றில் தடித்த பொருக்கு இருந்து, காது ஓரத்தை விரலால் தேய்த்தவுடன் பின்கால் தானாக ஆடத் தொடங்கினால் சொறிச் சிற்றுண்ணியைச் சந்தேகிக்கலாம்.

முடி கொட்டுகிறது, ஆனால் அரிப்பே இல்லை என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது இல்லை. அது ஹார்மோன் கோளாறாக இருக்கலாம், அதன் வழி வேறு.

பார்த்த இடத்தையெல்லாம் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் சிவப்பு மறைந்திருப்பது வழக்கமாக நடப்பதுதான்.

5. பூச்சியை முழுதாக ஒழியுங்கள்

"எங்கள் நாய்க்குத் தெள்ளே கிடையாது, ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை." இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே நாள்கணக்கில் அரிக்கப் போதும். கடித்த பூச்சியை நாயே நக்கி விழுங்கிவிடும் என்பதால் உடம்பில் தேடினால் கிடைக்காது. வெப்பமும் ஈரப்பதமும் கூடும் காலத்தில் தெள்ளு பெருகுவதால், பருவ ஒவ்வாமை என்று நினைத்ததே தெள்ளாக முடிவதும் உண்டு.

அதனால் பூச்சியைத் தேடுவதைவிட அதன் கழிவைத் தேடுவது எளிது. வால் தொடங்கும் இடத்தில் முடியின் அடிவரை சீப்பைச் செலுத்தி மெல்ல இழுங்கள். சீப்பில் வந்த கறுப்புத் துகள்களை ஈர டிஷ்யூவில் தட்டி, ஒரு நிமிடம் விடுங்கள். மண் என்றால் கறுப்பாகவே இருக்கும். தெள்ளின் கழிவு என்றால் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் பரவும். செரித்த ரத்தம்தான் அது. துகள் எதுவும் வராவிட்டாலும் அடுத்த வேலையைச் செய்யத்தான் வேண்டும்.

நாயின் மேல் தெரியும் வளர்ந்த தெள்ளு மொத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டுக்குள் இருக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடும். அவை முடியில் ஒட்டாமல் நாய் படுக்கும் இடமெல்லாம் உதிரும். புழுக்கள் வெளிச்சத்துக்கு ஒதுங்கிக் கம்பளத்தின் அடியிலும் தரை இடுக்கிலும் போய்விடும். கூட்டுப்புழுவை எந்த மருந்தும் எளிதில் தொடாது. மாதக்கணக்கில் கூட்டுக்குள் காத்திருந்து, அதிர்வும் சூடும் தெரிந்ததும் வெளியே வரும்.

செய்ய வேண்டியது இது: வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் ஒரே நாளில் தெள்ளு மருந்து கொடுங்கள். அரிக்கிற ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் மற்றவை தெள்ளைச் சுமந்துகொண்டே இருக்கும். குறைந்தது மூன்று மாதம், அட்டவணை தவறாமல் தொடருங்கள். வீட்டில் ஒளிந்திருக்கும் கூட்டுப்புழுக்கள் எல்லாம் வெளிவந்து செத்து முடிய அவ்வளவு காலம் ஆகும். மருந்து கொடுத்த இரண்டாவது வாரத்தில் புதுத் தெள்ளைப் பார்த்து "மருந்து சரியில்லை" என்று நிறுத்துவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அந்தத் தெள்ளு, பழைய கூட்டிலிருந்து இப்போதுதான் வந்தது.

படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை சூடான நீரில் துவையுங்கள். தரை, கம்பளம், சோபா இடுக்கு எல்லாவற்றையும் வேக்குவம் செய்யுங்கள். அந்த அதிர்வே கூட்டுப்புழுக்களை எழுப்பி வெளியே கொண்டுவரும். பையை உடனே வீட்டுக்கு வெளியே கொட்டிவிடுங்கள்.

எந்த மருந்து? மருத்துவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். ஐசோக்சசோலின் வகையைச் சேர்ந்த மாத்திரைகள் தெள்ளு, உண்ணி இரண்டையும் கொல்லும், சொறிச் சிற்றுண்ணிக்கும் பயன்படுகின்றன. நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த வகை மருந்தைக் கொடுப்பதா என்பதை அவர் யோசிக்க வேண்டியிருக்கும். தோலில் ஊற்றும் மருந்து என்றால், அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டாதீர்கள். அவற்றில் பல, தோலின் எண்ணெய்ப்பசையோடு கலந்துதான் உடம்பெங்கும் பரவுகின்றன. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனை பக்கமே கொண்டுபோகக் கூடாது, பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து.

6. தொற்று இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்

சொறிந்து சொறிந்து தோல் கெட்டதும், ஏற்கெனவே அங்கே வாழும் பாக்டீரியாவும் ஈஸ்ட் என்ற பூஞ்சையும் பெருகிவிடும். அவையே தனியாக அரிப்பைக் கிளப்பும். அதனால்தான் நல்ல ஒவ்வாமை மாத்திரை கொடுத்தும் சில நாய்களுக்குப் பாதிதான் குறைகிறது.

சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள், சீழ்ப் பருக்கள், ஓரத்தில் தோல் உரியும் வட்டங்கள் தெரிந்தால் பாக்டீரியா என்று ஊகிக்கலாம். புளித்த வாடை, பிசுபிசுப்பு, கறுத்து யானைத்தோல் போலத் தடித்த அக்குள் என்றால் ஈஸ்ட். காதுக்குள் பழுப்பு மெழுகும் இதே வாடையும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

மருத்துவர் தோலில் டேப்பை ஒட்டி எடுத்தோ, கண்ணாடித் தகட்டைத் தொட்டோ நுண்ணோக்கியில் பார்ப்பார். தோலைச் சுரண்டி எடுத்துச் சிற்றுண்ணியையும் தேடுவார். ஊசி போட்டு உடனே அனுப்பிவிடுவதாகத் தெரிந்தால், "டேப் வைத்துப் பார்க்கலாமா, சுரண்டிப் பார்க்கலாமா" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் செய்யும். மருத்துவரிடம் போவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் நாயைக் குளிப்பாட்டாதீர்கள், காதைச் சுத்தம் செய்யாதீர்கள். அழுக்காகக் கொண்டுபோக வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் பார்க்க வேண்டியதை நீங்களே கழுவிவிட்டால் அவர் எதைப் பார்ப்பார்?

காதுக்குள் பஞ்சுக் குச்சி விடவே வேண்டாம், அழுக்கை அது உள்ளே தள்ளும். செவிப்பறை முழுதாக இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே காதுக்குள் திரவம் எதையும் ஊற்றலாம்.

7. குளியல்: நேரம்தான் மருந்து

குளிப்பாட்டுவது இரண்டு வேலை செய்கிறது. தோலில் ஒட்டிய மகரந்தத்தையும் தூசியையும் நீக்குகிறது. மருந்து ஷாம்பு என்றால் தொற்றையும் குறைக்கிறது. ஒவ்வாமை உள்ள நாயின் தோலில் தடுப்பு அடுக்கு பலவீனமாக இருப்பதால் மகரந்தம் தோல் வழியாகவே உள்ளே போகிறது. அதைத் தோலில் தங்கவிடாமல் கழுவுவதில் உண்மையான பயன் உண்டு.

மனிதர் ஷாம்பு வேண்டாம். நம் தோலின் அமிலத்தன்மைக்கு ஏற்பச் செய்தது அது. நாயின் தோல் நம்முடையதைவிட நடுநிலையானது, வறண்டுபோகும். தொற்று இருந்தால் குளோர்ஹெக்சிடின் கலந்தது, ஈஸ்டும் இருந்தால் அதோடு மைகோனசோலும் சேர்ந்தது என்று மருத்துவர் சொல்வார். தொற்று இல்லாத வெறும் அரிப்புக்கு ஓட்மீல் போன்ற மென்மையானது போதும்.

வரிசை இப்படி: முடியைச் சீவிச் சிக்கெடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் தோல் வரை நனையுங்கள். சுடுநீர் அரிப்பைக் கூட்டும். ஷாம்புவை மோசமாக உள்ள இடத்தில் முதலில் போடுங்கள். அப்போதுதான் அந்த இடத்துக்கு அதிக நேரம் கிடைக்கும். முடி வளர்ந்த திசையிலேயே தடவுங்கள், எதிர்த் திசையில் தேய்த்தால் முடிக்கால்கள் புண்படும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளோர்ஹெக்சிடின் கருவிழியைப் புண்ணாக்கும்.

இனிதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். ஷாம்பு தோலில் 10 நிமிடம் இருக்க வேண்டும். நம் மனக்கணக்கில் பத்து நிமிடம் என்பது பெரும்பாலும் மூன்று நிமிடம்தான். போனில் டைமர் வையுங்கள். நாய் உதறிக்கொண்டு ஓடப் பார்த்தால் வயிற்றைத் தடவிக்கொண்டே பேச்சுக் கொடுங்கள், அல்லது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பண்டம் நீட்டுங்கள். பத்து நிமிடத்துக்குள் கழுவிவிட்டால் விலையுயர்ந்த மருந்து ஷாம்புவும் சாதாரண சோப்பும் ஒன்றுதான்.

அப்புறம் அலசல். தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசி, இன்னொரு முறையும் அலசுங்கள். அக்குளிலும் விரலிடுக்கிலும் தங்கும் ஷாம்பு மிச்சமே மறுநாள் அரிக்கும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, விரலிடுக்கு வரை உலர்த்துங்கள். ட்ரையர் என்றால் குளிர்க் காற்றில்.

தொற்று உள்ளபோது வாரம் இருமுறை, மருத்துவர் சொன்ன வாரங்கள் வரை. அரிப்புப் பருவத்தில் வெறும் ஒவ்வாமைக்கு வாரம் ஒருமுறை போதும். மருந்து ஷாம்பு போட்டும் சிவப்பு கூடினால் அந்த ஷாம்புவே ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

8. குளியல் இல்லாத நாட்களில்

வெளியே போய்விட்டு வந்ததும் பாதம், அடிவயிறு, முகம் இவற்றை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். இரண்டாவது துணி அவசியம். விரலிடுக்கில் ஈரம் நின்றால் ஈஸ்டுக்குக் கொண்டாட்டம். வாசனையும் ஆல்கஹாலும் கலந்த துடைப்பான்கள் வேண்டாம்.

புல் வெட்டிய அன்று அந்தப் பக்கம் நடக்க வேண்டாம். நாய் தூங்கும் அறையைத் தூசியில்லாமல் வையுங்கள், விரிப்பை வாரம் ஒருமுறை துவையுங்கள். தூசிச் சிற்றுண்ணியும் பூஞ்சணமும் ஈரப்பதமான அறையில் பெருகும் என்பதால் காற்றோட்டமும் தேவை. இவையெல்லாம் அரிப்பைக் குறைக்கும், நிறுத்தாது.

9. ஒரே இரவில் புண்ணானால்

காலையில் பார்த்தால் கன்னத்திலோ இடுப்பிலோ முடி ஒட்டிப்போய், அடியில் ஈரமான சிவந்த புண். தொட்டால் நாய் முறைக்கும், ஏனென்றால் வலி அதிகம். முதலில் கூம்பை மாட்டுங்கள். நக்குவது நிற்காமல் எந்த மருந்தும் வேலை செய்யாது.

நாய் அனுமதித்தால் புண்ணின் ஓரத்தைத் தாண்டி முடியை மின் ட்ரிம்மரால் எடுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், வீங்கிய தோல் முடியோடு சேர்ந்து வெட்டுப்பட்டுவிடும். முடியை எடுத்தபின் புண் நினைத்ததைவிடப் பெரிதாக இருக்கும். காற்றுப்பட்டு உலர அதுவே வழி. நீர்த்த குளோர்ஹெக்சிடினால் மெல்ல ஒற்றித் துடைத்து உலரவிடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், ஆறிவரும் திசுவையும் சேர்த்து அழிக்கும். கட்டுப்போட்டு மூடாதீர்கள். கடிக்க வந்தால், புண் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால், மறுநாளும் பரவினால் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

10. வீட்டிலுள்ள எதையும் தடவாதீர்கள்

தோலில் தடவியது அடுத்த நிமிடம் நாக்கில் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டாலே பாதித் தவறுகள் நடக்காது. டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு. துத்தநாக ஆக்சைடு கலந்த குழந்தைக் களிம்புகளை நக்கினால் வாந்தியும் அதைவிட மோசமானதும் வரும். சொரியாசிஸுக்கு மனிதர்கள் பூசும் கால்சிபோட்ரியால் களிம்பு, சிறிதளவு உள்ளே போனாலே நாயைக் கொல்லக் கூடியது. அந்தக் குழாயை நாய் கடிக்க முடியாத இடத்தில் வையுங்கள். தரை கழுவும் கிருமிநாசினியை நீரில் கலந்து குளிப்பாட்டுவது தோலை எரித்துவிடும். சமையல் எண்ணெய் நஞ்சு இல்லைதான், ஆனால் ஈஸ்ட் எண்ணெய்ப்பசையில் செழிக்கும்.

11. மருந்துகள்: எது எதற்கு

பூச்சியும் தொற்றும் தீர்ந்தும் அரித்தால் இப்போது ஒவ்வாமை மருந்துகளைப் பேசலாம். எல்லாமே மருத்துவர் எழுதித்தர வேண்டியவை. என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டால் பாதியில் விடமாட்டீர்கள்.

ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு வேகமாக அடக்கும், விலையும் குறைவு. நாய்க்குத் தாகம், சிறுநீர், பசி மூன்றும் கூடும், மூச்சு வாங்கும். குறுகிய காலத்துக்கு நல்ல மருந்து, நீண்ட காலத்துக்கு மோசமான பழக்கம். நாள்கணக்கில் கொடுத்தபின் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாய்க்கு மூட்டுவலி மாத்திரை ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் வரலாம்.

ஒக்லாசிடினிப் மாத்திரை அரிப்பின் சமிக்ஞையைத் தடுக்கிறது, ஒரு நாளுக்குள்ளேயே வித்தியாசம் தெரியும். ஒரு வயது நிறையாத நாய்க்கும் கடுமையான தொற்று உள்ள நாய்க்கும் இது கூடாது. லோகிவெட்மாப் ஊசி அரிப்பைத் தூண்டும் ஒரே ஒரு புரதத்தைக் கட்டுகிறது. ஒருமுறை போட்டால் 4 முதல் 8 வாரம் வரை தாங்கும். மாத்திரை விழுங்க மறுக்கும் நாய்களுக்கு வசதி. சைக்ளோஸ்போரின் வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகும், அதற்குள் முடிவு கட்டாதீர்கள்.

செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளை மனிதர் மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பவர்கள் அதிகம். நாய்களுக்கு அவற்றின் பலன் குறைவு. அதைவிட, சளி மாத்திரைகளில் செட்டிரிசினோடு சூடோஎஃபெட்ரின் கலந்திருக்கலாம், அது நாய்க்கு உயிராபத்து.

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 தோலுக்கு உதவும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும் என்பதால், அரிப்பு உச்சத்தில் இருக்கும்போது தொடங்கி இரண்டாவது வாரத்தில் ஏமாற்றமடைவதில் பொருளில்லை. மீன் ஈரல் எண்ணெய் வேறு. அதில் ஏ, டி வைட்டமின்கள் அளவு மீறிவிடும்.

12. பருவம் முடிந்தும் அரித்தால்

நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எல்லா மாதங்களிலும் ஒரே மதிப்பெண் இருந்தால் உணவுச் சோதனைக்கு நேரம் வந்துவிட்டது. மருத்துவர் தேர்ந்தெடுத்த ஒரே உணவை, குறைந்தது 8 வாரம், வேறெதுவும் கலக்காமல் கொடுக்க வேண்டும். அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் மறுபடி அரித்தால்தான் உணவு காரணம் என்று உறுதி. இந்த இரண்டாம் பாதியை யாருமே செய்ய விரும்புவதில்லை. செய்யாவிட்டால், தற்செயலாகப் பருவம் முடிந்து அரிப்பு நின்றதா, உணவால் நின்றதா என்று தெரியாது.

சோதனை பெரும்பாலும் வீட்டு மனிதர்களால்தான் கெடுகிறது. குழந்தை நீட்டும் பிஸ்கட், இறைச்சிச் சுவையூட்டிய பூச்சி மாத்திரை, மாத்திரையை ஒளித்துக் கொடுத்த உருண்டை எல்லாமே கணக்கைக் கலைக்கும். ரத்தத்திலோ எச்சிலிலோ உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் சோதனைகளை நம்பிச் செலவு செய்யாதீர்கள், அவை நம்பகமானவை அல்ல.

சூழல் ஒவ்வாமைக்கான தோல் சோதனையும் ரத்தச் சோதனையும் வேறு வகை. அவை நோயை உறுதிசெய்ய அல்ல, ஒவ்வாமைப் பொருளை உடலுக்குப் படிப்படியாகப் பழக்கும் ஊசிக்கான கலவையைத் தேர்ந்தெடுக்க. அந்த ஊசிச் சிகிச்சை பாதிக்கும் மேற்பட்ட நாய்களுக்குப் பலன் தருகிறது, ஆனால் முழுப் பலன் தெரிய ஓராண்டு வரை ஆகலாம். ஆண்டில் ஒரு மாதம் மட்டும் அரிக்கும் நாய்க்கு இவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. ஆண்டுதோறும் அரிக்கும் மாதங்கள் நீண்டுகொண்டே போனால், சிறு வயதிலேயே தொடங்குவது நல்லது.

13. அடுத்த பருவத்துக்கு முன்

இந்த ஆண்டு அரிப்பு தொடங்கிய தேதியை நோட்டில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். அதிலிருந்து மூன்று மாதம் பின்னோக்கிப் போனால், மீன் எண்ணெய் தொடங்க வேண்டிய நாள். தெள்ளு மருந்தை நிறுத்தியிருந்தால் அதையும் அன்றைக்கே மீண்டும் ஆரம்பியுங்கள். ஒரு மாதம் முன்பு எடை பார்த்து, காதையும் பாதத்தையும் மருத்துவரிடம் காட்டி, மருந்துச் சீட்டை வாங்கி வையுங்கள். இரண்டு வாரம் முன்பு வாரக் குளியலைத் தொடங்குங்கள். மதிப்பெண் முதல்முறை மூன்றைத் தாண்டிய அன்றே மருத்துவரை அழையுங்கள். ஏழு வரை விட்டுப் பார்த்தால் அதற்குள் தொற்றும் சேர்ந்துவிடும், மறுபடி ஆறாம் படியிலிருந்து வர வேண்டியிருக்கும்.